முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் அம்மா பயிற்சிக்கு மறுக்கிறார், என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 64 வயது. வலது முழங்கால் மாற்று அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டி 70 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை (கால் நேராக நீண்டிருந்தால் 0, செங்கோணமாக மடங்கினால் 90). தினமும் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் காலை அழுத்தி மடக்கும்போது அம்மா கதறி அழுகிறார். நேற்று அவர் வரும் நேரம் பார்த்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "வயதான உடம்பை ஏன் இப்படி வதைக்கிறீர்கள், விட்டுவிடுங்கள்" என்கிறார் சித்தி. "இப்போது விட்டால் கால் கட்டையாகிவிடும்" என்கிறார் பிசியோதெரபிஸ்ட். யார் பேச்சைக் கேட்பது என்று மகள் கேட்கிறார்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மதுரையில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். கதவைச் சாத்திக்கொண்ட அம்மாக்களையும், நான் வந்ததும் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்ட அப்பாக்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. பயிற்சியை நிறுத்தக் கூடாது. இப்போது நடக்கும் விதத்தில் அதைத் தொடரவும் கூடாது.

உங்கள் அம்மா வலி தாங்காதவர் என்று வீட்டில் யாரும் சொல்ல விடாதீர்கள். தேய்ந்த முட்டியோடு எத்தனை வருடம் அடுப்படியில் நின்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வலி வந்தபோது உட்காரலாமா, மாத்திரை போடலாமா, இன்னும் நாலு தோசை வார்த்துவிட்டு உட்காரலாமா என்பதையெல்லாம் அவரே முடிவு செய்தார். இப்போது வரும் வலி இன்னொருவர் கையிலிருந்து வருகிறது. அது எப்போது தொடங்கும், எவ்வளவு தூரம் போகும், எப்போது நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. அதனால்தான் கதவைச் சாத்தியிருக்கிறார் என்று நினைக்கிறேன். முட்டியை மடக்கும் வேலையை அவர் கைக்கே திருப்பிக் கொடுப்பதுதான் இதற்கு வழி. அது எப்படி என்பதைத்தான் இந்தப் பதில் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை அம்மாவிடம் விளக்க வேண்டும். அறுவைக்கு முன் பலருக்கு இதை யாரும் நிதானமாகச் சொல்வதில்லை. முழங்காலை மாற்றுவது என்றால் முழங்காலையே எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது இல்லை. தொடை எலும்பின் கீழ் முனையிலும் கால் எலும்பின் மேல் முனையிலும் தேய்ந்துபோன பரப்பைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுக்கிறார்கள். மேலே கோபால்ட், குரோமியம் கலந்த உலோக உறை ஒன்றும், கீழே ஓர் உலோகத் தட்டும், நடுவில் வழவழப்பான கெட்டிப் பிளாஸ்டிக் துண்டும் பொருத்துகிறார்கள். அந்த இடத்துக்குப் போய்ச் சேர, பெரும்பாலான அறுவைகளில் தொடையின் முன்பக்கத் தசையிலிருந்து முட்டிச்சில்லுக்கு வரும் தசைநாணை நீளவாக்கில் பிளந்து, சில்லை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, வேலை முடிந்ததும் தைத்துவிடுகிறார்கள். காலை மடக்கும்போது இழுபடுவது அந்தத் தையல் போட்ட இடமும், அதன் மேலுள்ள தழும்பும், நீர் கோத்து வீங்கியிருக்கும் மூட்டு உறையும்தான். வலிக்கத்தான் செய்யும். அம்மா மிகைப்படுத்தவில்லை.

இதைக் கேட்டதும், மடக்கினால் தையல் பிரிந்துவிடுமோ, உள்ளே வைத்தது கழன்றுவிடுமோ என்ற பயம் கூடலாம். நிறையப் பேருக்கு இந்தப் பயம் உள்ளுக்குள் இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள். உலோகத்தை எலும்போடு ஒட்டும் எலும்புச் சிமெண்ட் அறுவை அரங்கிலேயே கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும். அந்த உறுதியில்தான் மறுநாளே, சில இடங்களில் அன்றைக்கே, நோயாளியை எழுப்பி நிற்க வைக்கிறார்கள். அம்மா தானாக மடக்கும் அளவுக்கு எதுவும் கழன்றுவிடாது. கடக்கென்று ஒரு சத்தம் கேட்டால்கூட அது பெரும்பாலும் உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்ளும் சத்தம்தான். வலியில்லாத சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்.

அப்படியானால் வலி அடங்கும்வரை சும்மா இருந்தால் என்ன? சித்தியின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் உடம்பு காயத்தை ஆற்றும்போது அங்கே புதிய தழும்புத் திசுவைப் போட்டு அடைக்கிறது. முதல் சில வாரங்களில் அது இளக்கமாக இருக்கும், இழுத்த இழுப்புக்கு நீளும். அசைவு இல்லாமல் விட்டால் குறுகிய நிலையிலேயே இறுகிவிடும். பன்னிரண்டு வாரம் தாண்டிய பிறகு அதை நீட்டுவது மிகக் கடினம். அதனால் ஓய்வு எடுக்கலாம், ஒரு வேளையை விட்டுவிடலாம், மோசமான ஒரு நாளில் பாதி மட்டும் செய்யலாம். வாரக்கணக்கில் நிறுத்திவிடக் கூடாது.

இனி 70 டிகிரி. நடப்பதற்கு ஏறத்தாழ அந்த அளவே போதும். படியேற 80 முதல் 90 வரை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ 90க்குச் சற்று மேல், குனிந்து செருப்பு வாரைப் போட 105 அளவில் மடங்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் 70 என்பது பின்தங்கிய அளவுதான், ஆனால் பயந்துபோக வேண்டிய அளவு இல்லை. ஆறாம் வாரம் முடிவதற்குள் 90ஐத் தாண்டுவதை இலக்காக வையுங்கள். அறுவைக்கு முன் அம்மாவின் முட்டி எவ்வளவு மடங்கியது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அதுதான். ஐந்து வருடமாக 90க்கு மேல் மடங்காத முட்டியை, 120 மடங்கிய பக்கத்து வீட்டு அம்மாளின் முட்டியோடு ஒப்பிட்டுப் பேசுவது கொடுமை.

இப்போது அழுத்தி மடக்குவதைப் பற்றி. என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு வீட்டில் பயிற்சி கொடுத்தேன். அறுவை முடிந்து பதினைந்து நாள். "90 ஆக்கிவிடுங்கள் சார்" என்று பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். நானும் என் உடல் எடையைக் கொடுத்து அழுத்தினேன். அவர் துண்டைக் கடித்துக்கொண்டார். 92 டிகிரி வந்தது, பெருமையோடு நோட்டில் எழுதினேன். மறுநாள் காலையில் முட்டி பலாக்காய்போல வீங்கியிருந்தது, 65 கூட வரவில்லை. அடுத்த ஐந்து நாள் என்னைத் தொடவே விடவில்லை. என்னைவிட மூத்த பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் என்னோடு வந்தார். அவர் காலைத் தொடவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டு, "நீங்களே எவ்வளவு மடக்க முடியும் என்று காட்டுங்கள் டீச்சர்" என்றார். 60 வந்தது. அளவு எடுக்கும் கருவியை டீச்சர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தோம். பத்து நாளில் 88 ஆகியிருந்தது. அன்றைக்கு நான் செய்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஏன் அப்படி நடந்தது என்பதற்கு உடற்கூறு சார்ந்த காரணம் இருக்கிறது. முட்டியை மடக்குவது தொடையின் பின்பக்கத் தசை, நீட்டுவது முன்பக்கத் தசை. நாமே மடக்கும்போது பின்தசை வேலை செய்யும், அதே நேரத்தில் முன்தசைக்குத் தளரும்படி நரம்பு வழியாகச் செய்தி போய்விடும். இன்னொருவர் வந்து அழுத்தினால், பயத்தில் முன்தசை இறுகிக்கொள்ளும். அப்போது தெரபிஸ்ட் தழும்போடு போராடவில்லை, அம்மாவின் தசையோடு போராடுகிறார். வலி கூடும், வீக்கம் கூடும், மறுநாள் மடங்கும் அளவு குறையும். பயிற்சியில் கையால் உதவுவதே தவறு என்று சொல்லவில்லை. நோயாளி தளர்ந்திருக்கும்போது, அவர் சம்மதத்தோடு, மூச்சு விடும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் அழுத்தம் பயன்படும். கதறல் வரும்வரை கொடுக்கும் அழுத்தம் பயன்படாது.

அம்மாவே செய்யக்கூடிய ஒரு முறை இருக்கிறது, இதை நாளைக்கே தொடங்கலாம். கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியில் உட்காரட்டும். மொசைக் அல்லது டைல்ஸ் தரையானால் அறுவை செய்த காலுக்கு அடியில் மெல்லிய துணி ஒன்றைப் போடுங்கள், பாதம் வழுக்கிப் போகும். எழுந்திருக்கும் முன் அந்தத் துணியை எடுத்துவிட மறக்காதீர்கள். பாதத்தை மெல்லப் பின்னால் இழுத்து, இறுக்கம் தெரியும் இடத்தில் நிறுத்தட்டும். இப்போது நல்ல காலை அதற்கு முன்னால் குறுக்கே வைத்து, அறுவை செய்த காலால் நல்ல காலை முன்னோக்கி மெல்லத் தள்ள வேண்டும். நல்ல கால் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஐந்து வரை எண்ணி, தள்ளுவதை விட்டுவிட்டு, நீளமாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டே பாதத்தைப் பின்னால் இழுக்கட்டும். முன்பு நின்ற இடத்தைத் தாண்டி இரண்டு விரல்கடை போகும். தள்ளி முடித்த தசை உடனே தளர்வதால் கிடைக்கும் இடம் அது. இப்படி நான்கைந்து முறை. எவ்வளவு போவது, எப்போது நிறுத்துவது எல்லாம் அம்மாவின் விருப்பம். தன் காலைத் தானே தள்ளும்போது அலறியவரை நான் பார்த்ததில்லை.

இதை ஒரு நாளைக்கு ஒருமுறை முக்கால் மணி நேரம் செய்வதைவிட, ஆறு முறை ஐந்தைந்து நிமிடம் செய்வது நல்லது. காபி குடித்ததும், குளிப்பதற்கு முன், சாப்பாட்டுக்கு முன், தொலைக்காட்சியில் விளம்பரம் வரும்போது என்று ஏற்கெனவே நடக்கும் காரியங்களோடு கோத்துவிடுங்கள். நாள் முழுவதும் அசையாமல் கிடந்துவிட்டு மாலை ஐந்து மணிக்கு மட்டும் மடக்கினால், ஒவ்வொரு நாளும் முதல் நாளாகத்தான் இருக்கும்.

வலி எவ்வளவு வரலாம்? பயிற்சி நேரத்து வலியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், மறுநாள் காலை முட்டியைப் பாருங்கள். பத்துக்கு ஐந்து அளவு வலி பயிற்சியின்போது வந்து, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கி, மறுநாள் வீக்கமும் அளவும் முந்தைய நாள் போலவே இருந்தால் சரியான அளவில் செய்திருக்கிறார். காலையில் முட்டி தடித்து, சூடு ஏறி, மடங்கும் அளவு குறைந்திருந்தால் நேற்று அதிகம். அன்றைக்குப் பாதியாகக் குறைக்க வேண்டும், நிறுத்திவிடக் கூடாது. வலியே இல்லை, அளவும் நாலு நாளாக நகரவில்லை என்றால் கொஞ்சம் கூட்டலாம். முட்டிச்சில்லுக்கு நேர் மேலே ஓர் அளவுநாடாவால் சுற்றளவு எடுத்துக் காலண்டரில் குறித்து வாருங்கள், வாதம் செய்ய வேண்டிய தேவையே இருக்காது.

மாத்திரை விஷயத்தில் நம் வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது. "வலி இருந்தால் மட்டும் போடுகிறேன்" என்று வலி உச்சிக்குப் போகும்வரை காத்திருக்கிறார்கள். பயிற்சிக்கு 45 நிமிடம் முன்பு, கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்ததைப் போட வேண்டும். மூன்றாம் வாரத்தில் பாதிப் பேர் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். காரணம் கேட்டால் டிராமடால் என்ற வலி மாத்திரையைப் போட்டுத் தலைசுற்றல், குமட்டல், மலச்சிக்கல் வந்தது என்பார்கள். அது உண்மையான தொந்தரவு. மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், பாராசிட்டமாலை வேளை தவறாமல் எடுக்கச் சொல்வார், மலச்சிக்கலுக்கும் வழி சொல்வார். மருந்துக்கடையில் கேட்டு வேறு வலி மாத்திரையை நீங்களாகச் சேர்க்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொண்டிருப்பார், அதோடு சில வலி மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வரலாம். சிறுநீரகம், இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கும் அவை ஆகாது.

வீக்கத்தைப் பற்றி ஒரு செய்தி. நலமான முழங்காலுக்குள் இரண்டு மேசைக்கரண்டி அளவுக்கு உப்புநீரைச் செலுத்திப் பார்த்த சோதனைகளிலேயே, தொடைத்தசையின் உட்பகுதி சரியாக இறுக மறுத்திருக்கிறது. மூட்டில் நீர் இருந்தால் நரம்பு மண்டலம் தசையை அடக்கிவிடுகிறது. அறுவை முடிந்து ஒரு மாதத்தில் தொடையின் முன்தசை பாதிக்கும் மேல் வலுவை இழந்திருக்கும், ஆய்வுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு வரை. "காலைத் தூக்கு என்றால் தூக்கவே மாட்டேன் என்கிறார்" என்று அம்மாவைக் குறை சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அவர் கட்டளை தசைக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லை. படுத்துக்கொண்டு முட்டியின் பின்புறத்தைப் படுக்கையில் அழுத்தி ஐந்து எண்ணி விடுவது சின்னப் பயிற்சி, ஆனால் அந்தத் தொடர்பைத் திரும்ப ஏற்படுத்துவது அதுதான். மின்தூண்டல் கருவி இருந்தால் தொடைத்தசைக்கு வைக்கும்படி உங்கள் தெரபிஸ்டிடம் கேளுங்கள், அதற்கு நல்ல பலன் உண்டு. காலைத் தானாக மடக்கி நீட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நீண்ட நாளில் அதனால் கிடைக்கும் கூடுதல் மடக்கம் ஓரிரு டிகிரிதான். அந்தப் பணத்துக்கு உயரமான கழிப்பறை இருக்கையும் கைப்பிடியும் வாங்கலாம்.

வீக்கத்தைக் குறைக்கப் பயிற்சி முடிந்ததும் பதினைந்து இருபது நிமிடம் ஐஸ் வையுங்கள், நடுவில் துணி வேண்டும். தழும்பின் வெளிப்பக்கம் ஒரு கை அகலத்துக்கு மரத்திருக்கும், தோலுக்குப் போகும் சிறு நரம்பு அறுபட்டதால் வருவது. அங்கே குளிர் சுடுவது தெரியாது, அதனால் நடுவில் எடுத்துத் தோலைப் பாருங்கள். யாராவது வெந்நீர் ஒத்தடம், தைலம் தேய்த்து நீவுதல் என்று ஆரம்பித்தால் அன்போடு தடுத்துவிடுங்கள். வீங்கிய புது மூட்டுக்குச் சூடு வீக்கத்தைக் கூட்டும், நீவுவது தழும்புக்கு ஆகாது. படுத்திருக்கும்போது கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்கட்டும். நடையையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். "நடந்தாலே போதும், எல்லாம் சரியாகும்" என்று தெருமுனைவரை இரண்டு தடவை போய்வந்து, மாலையில் வீக்கத்தோடு உட்காருபவர்கள் உண்டு. வீட்டுக்குள் வாக்கரோடு அடிக்கடி சிறு நடை போதும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

இனிச் சொல்லப்போவதை மறக்காமல் கேளுங்கள். கேள்வியில் எவ்வளவு மடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், முழுதாக நீள்கிறதா என்று எழுதவில்லை. யாரும் எழுதுவதில்லை. மடக்கம் பத்து டிகிரி குறைந்தாலும் நன்றாக நடக்கலாம். நீட்டம் பத்து டிகிரி குறைந்தால் ஒவ்வோர் அடியும் நொண்டலாகும், தொடைத்தசை நாள் முழுவதும் தளரவே முடியாது, இடுப்பும் வலிக்கத் தொடங்கும். அம்மாவைப் படுக்க வைத்து முட்டியின் பின்புறத்துக்கும் படுக்கைக்கும் நடுவில் உங்கள் கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போனால் நீளவில்லை. இதற்குப் பெரும்பாலும் காரணம் பாசத்தோடு முட்டிக்கு அடியில் வைக்கும் தலையணை. சுகமாக இருக்கும், ஆனால் மூட்டு அந்த வளைவிலேயே இறுகும். அதை எடுத்துவிட்டு, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி அந்தரத்தில் தொங்கட்டும். முதலில் ஐந்து நிமிடம், போகப்போகப் பதினைந்து. காலை உயர்த்தி வைக்கும்போதும் தலையணை கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில்தான் இருக்க வேண்டும். பின்புறம் இழுக்கும், ஆனால் அலற வைக்கும் வலி இல்லை.

இரவில் தூங்குகிறாரா? மூன்றாம் வாரத்தில் பகலைவிட இரவு வலிதான் ஆளைத் தளர்த்தும். தூங்காதவருக்கு மறுநாள் அதே மடக்கம் இரண்டு மடங்கு வலிக்கும். படுக்கும் முன் காலை அரை மணி நேரம் உயர்த்தி வைத்து ஐஸ் வைப்பது, கடைசி வேளை மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்பது, மதியத் தூக்கத்தைக் குறைப்பது ஆகியவை உதவும். வலியில் விழித்துக்கொண்டால் புரண்டு தவிப்பதைவிட எழுந்து நாலு அடி நடந்துவிட்டுப் படுப்பது நல்லது, துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் மனத்துக்கும் கடினமான வாரம். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்த உறவினர்கள் வருவதை நிறுத்தியிருப்பார்கள், வெளியூர்ப் பிள்ளை வேலைக்குத் திரும்பியிருப்பார், வலி மட்டும் அப்படியே இருக்கும். "இதை ஏன்தான் செய்துகொண்டேனோ" என்று அம்மா சொல்லியிருந்தால், என் அனுபவத்தில் அநேகமாக எல்லோரும் மூன்றாம் வாரத்தில் சொல்வது அதுதான் என்று அவரிடம் சொல்லுங்கள். அதே ஆட்கள் மூன்றாம் மாதத்தில் மற்றொரு முட்டிக்கு எப்போது செய்யலாம் என்று கேட்டு வருகிறார்கள். எல்லோரும் அப்படி வருவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐந்தில் ஒருவருக்கு வலி ஓரளவு போகாமல் தங்கிவிடுவதுண்டு. ஆனால் அது யாருக்கு என்று மூன்றாம் வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது.

சாப்பாட்டில் பத்தியம் வைத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். துவரம்பருப்பு சேர்த்தால் சீழ் வைக்கும், முட்டை சூடு, மீன் கூடாது என்று ரசம் சாதத்திலேயே வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தசையும் காயமும் தேறுவதற்குப் புரதம்தான் வேண்டும். பருப்பு, முட்டை, மீன், தயிர், சுண்டல் எதுவும் சீழ் வைக்காது. கட்டுப்படாத சர்க்கரை நோய்தான் காயத்தைக் கெடுக்கும், அதற்குக் கணக்கு வையுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

எந்த வலியைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கெண்டைக்கால் வீங்கி இறுகி வலித்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். திடீரென மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ 108ஐ அழையுங்கள். காயத்திலிருந்து நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, நேற்றுவரை தூக்கிய காலை விழுந்த பிறகு தூக்கவே முடியாவிட்டாலோ காத்திருக்காதீர்கள். போர்வை பட்டாலே எரிகிறது, காலின் நிறம் மாறுகிறது என்றால் அது வேறு வகை வலி, மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். லேசான சூடு மட்டும் ஆறு மாதம் வரைகூட இருக்கலாம்.

தெரபிஸ்டைப் பகையாக்கிக்கொள்ள வேண்டாம். ஆறாம் வாரத்தில் மருத்துவர் அளவைக் கேட்பார் என்ற பயம் அவருக்கும் இருக்கும். அம்மாவின் முன்னிலையில் ஓர் ஒப்பந்தம் பேசுங்கள்: அம்மா "போதும்" என்று கை தூக்கினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், முதல் இரண்டு நாள் அவர் காலைத் தொடாமல் சொல்லிக்கொடுக்க மட்டும் வேண்டும். நல்ல தெரபிஸ்ட் இதற்கு ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறொருவரைப் பாருங்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால், தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து செய்யும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஆறாம் வாரத்திலும் 90க்குக் கீழே நின்றுவிட்டால்? மயக்கம் கொடுத்து, தழும்பு விட்டுக்கொடுக்கும்படி மருத்துவரே முட்டியை மடக்கிவிடும் முறை இருக்கிறது. கத்தி கிடையாது. பன்னிரண்டு வாரத்துக்குள் செய்தால் நல்ல பலன் கிடைக்கும், ஆனால் மறுநாளே இதே பயிற்சிகளைத் தொடர வேண்டும். அதை ஒரு தண்டனைபோலச் சொல்லி அம்மாவைப் பயமுறுத்தாதீர்கள்.

நாளைக் காலை தெரபிஸ்டுக்கு ஒரு நாள் விடுப்புக் கொடுங்கள். மாத்திரை போட்டு 45 நிமிடம் கழித்து, அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, காலுக்கு அடியில் துணியைப் போட்டுவிட்டு நீங்கள் சற்றுத் தள்ளி உட்காருங்கள். கால் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு வாரம் கழித்து அளவெடுத்து எழுதுங்கள், 75 வந்திருந்தாலே எனக்குப் போதும். எவ்வளவு நீள்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.